மெதடிஸ்த சபையின் ஒரு வருட ஊழியமும் சமூகப்பணியும்: கொழும்புச் சபைகளுக்கான முழுமையான வழிகாட்டி

சபையின் சமூகப்பணிக் குழுவுக்குப் புதிதாகச் செயலாளராக வருபவர்கள் அநேகமாக ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். ஒரு கலண்டரை எடுத்து, மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நிகழ்ச்சிகளை எழுதி, லீடர்ஸ் மீற்றிங்கில் (சபைப் பொறுப்பாளர்களின் கூட்டத்தில்) வாசித்து, எல்லோரிடமும் நல்ல பேரும் வாங்கிவிடுவார்கள். சித்திரை வருஷப் பிறப்புக்கு ஊருக்குப் போன சனம் திரும்பி வரும்போது அந்தத் தாள் எங்கே என்று தேடுவார் இல்லை.

நிகழ்ச்சியை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஆளைப் பிறகு தேடுவதால் வரும் வினை இது. இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்: முதலில் ஆட்கள், அடுத்து அசைக்க முடியாத திகதிகள், பிறகு தேவை, பணம், அதற்குப் பிறகே நிகழ்ச்சி. உதாரணத் திகதிகளை 2027ஆம் ஆண்டுக்குத் தந்திருக்கிறேன். ஜனவரியில் தொடங்கும் வருடத்துக்கு முந்திய செப்டெம்பரிலேயே வேலையைத் தொடங்கினால்தான் நிதானமாகச் செய்யலாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

திருத்திய உறுப்பினர் பதிவேடு, வகுப்புத் தலைவர்களின் (சபையாரைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் கவனிப்பவர்களின்) பட்டியல், சமூகப்பணி நிதியின் கடந்த இரண்டு வருடக் கணக்கு, சேகரத்தின் (பக்கத்துச் சபைகள் சேர்ந்த பிரிவின்) பிரசங்கத் திட்டம், அதாவது எந்த ஞாயிறு எந்தச் சபையில் யார் பிரசங்கிப்பார் என்ற அட்டவணை. இவை நான்கும் இல்லாமல் முதற் கூட்டத்தைக் கூட்ட வேண்டாம். பதிவேட்டில் பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள். அந்த எண்ணிக்கையை நம்பித் திட்டம் போட்டால் முதல் மாதமே ஆள் போதாது.

போதகர் ஐயாவோடு தனியாக ஒரு மணிநேரம் பேசுங்கள். மெதடிஸ்த முறையில் போதகர்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். அவருக்கு மாற்றம் வரக்கூடிய வருடமா என்பதை முன்கூட்டியே விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பணி போதகரின் தனிப்பட்ட தொடர்புகளில் தொங்கிக்கொண்டிருந்தால், அவர் போகிற லொறியிலேயே அதுவும் ஏறிப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பணிக்கும் சபை உறுப்பினர் ஒருவரே பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கூகுள் ஷீட் வைத்திருப்பது நல்லது. அதோடு ஒரு சீஆர் கொப்பியும் (தடித்த மட்டை போட்ட குறிப்பேடு) வாங்குங்கள். வகுப்புத் தலைவர்களில் வயதானவர்கள் கொப்பியில் எழுதுவார்கள், ஷீட்டைத் திறக்கமாட்டார்கள். அடுத்த செயலாளரின் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதும் பெரும்பாலும் கொப்பிதான்.

2. ஆட்களைக் கணக்கெடுங்கள்

வகுப்புத் தலைவர்கள் வழியாகவே இதைச் செய்யுங்கள். மேடையில் நின்று “விருப்பமானவர்கள் பெயர் கொடுங்கள்” என்றால் எப்போதும் கொடுக்கும் அதே ஐந்து பேர்தான் கொடுப்பார்கள். வகுப்புத் தலைவருக்குத் தெரியும், யாருக்கு முழங்கால் வருத்தம், யார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் அலுத்துப்போய் இருக்கிறார் என்று.

விருப்பத்தைக் கேட்காதீர்கள், நேரத்தையும் கைவசமுள்ள திறமையையும் கேளுங்கள். கிழமை நாட்களில் காலையில் வரலாமா? வாகனம் உண்டா? லிப்ட் வேலை செய்யாத நாளில் நான்கு மாடி ஏற முடியுமா? சிங்களம் வாசிக்க எழுதத் தெரியுமா? கடைசிக் கேள்விக்குத் தனி நிரல் போடுங்கள். தமிழ்ச் சபையில் சிங்களம் சரளமாக எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர் ஒருவர் இருந்தால், அவரைக் கதிரை அடுக்க விடுவது அநியாயம். ஆஸ்பத்திரியிலும் பிரதேச செயலகத்திலும் அவருக்குத்தான் வேலை இருக்கிறது.

ஒவ்வொரு பணிக்கும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பொறுப்பு, மற்றவர் அவர் இல்லாத நாளுக்கு. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வெளிநாட்டுச் சொந்தங்கள் கலியாணங்களுக்கென்று வந்து இறங்குவார்கள், பாடகர் குழுவில் பாதியைக் காணக் கிடைக்காது. இரண்டாவது ஆள் அந்த மாதங்களுக்காகத்தான்.

ஒருவருக்கு ஒரு பொறுப்பு என்பதைச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். திறமைசாலி ஒருவருக்கு மூன்றைக் கொடுத்தால் மூன்றும் அவர் களைக்கிற அன்றைக்கே நின்றுவிடும். வாலிபரையும் பாரம் தூக்குவதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்றிடம் நிவாரணக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், பெரியவர்களைவிடச் சுத்தமாக வைத்திருக்கும்.

பெயர் சேர்க்கும் நாள் எது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வருடத்தின் முதல் ஞாயிறு நடக்கும் உடன்படிக்கை ஆராதனையில் சபை முழுவதும் தன்னைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து நிற்கும். அன்றைக்கே வாசலில் படிவத்தை நீட்டினால் உருகிப்போய் எல்லாக் கட்டத்திலும் புள்ளடி போடுவார்கள், பெப்ரவரியில் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். படிவத்தை அடுத்த ஞாயிறு கொடுங்கள். 2027இல் உடன்படிக்கை ஆராதனை ஜனவரி 3 என்றால் படிவம் ஜனவரி 10. ஒரு வாரம் யோசித்துவிட்டு எழுதுகிற பெயர் நிலைக்கும்.

3. அசைக்க முடியாத திகதிகள்

ஒரு பெரிய தாளில் முதலில் திருச்சபை நாட்களை எழுதுங்கள். 2027இல் சாம்பல் புதன் பெப்ரவரி 10, பெரிய வெள்ளி மார்ச் 26, உயிர்த்தெழுந்த ஞாயிறு மார்ச் 28, பெந்தெகொஸ்தே மே 16, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 28. ஈஸ்டர் வருடத்துக்கு வருடம் மாறுவதால் பழைய தாளைப் பார்த்து எழுதக்கூடாது. பழைய தாளைப் பிரதி எடுப்பதுதான் புதியவர்களின் முதற் பிழை.

அடுத்து மெதடிஸ்த நாட்கள்: உடன்படிக்கை ஞாயிறு, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியை நினைவுகூர மே 24ஆம் திகதி வரும் வெஸ்லி நாள் (2027இல் அது திங்கள், ஆகவே முந்திய ஞாயிறு 23ஆம் திகதி), டிசெம்பர் 31 இரவு விழிப்பு ஆராதனை. இவற்றோடு சேகரத்திலும் திருமாவட்டத்திலும் தீர்மானிக்கும் கூட்டங்கள். அந்தத் திகதிகளைச் சேகர ஸ்டூவர்ட்மாரிடம் (நிர்வாகப் பொறுப்பாளர்களிடம்) எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல்லில் வேண்டாம். பிற சபைகளோடு சேர்ந்து செய்பவை இரண்டு: ஜனவரி 18 முதல் 25 வரையான கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெபவாரம், மார்ச் முதல் வெள்ளி வரும் உலக ஜெப நாள் (2027இல் மார்ச் 5). உலக ஜெப நாளைப் பெண்கள் ஐக்கியத்திடம் முழுதாக விட்டுவிடுங்கள். அவர்களுக்கு ஒத்திகைக்கே ஒரு மாதம் தேவை, அந்த மாதத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டாம்.

மூன்றாவதாக நாட்டு நாட்கள்: பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்பு மாதம், வெசாக், பொசன், தீபாவளி, எல்லாப் பௌர்ணமி தினங்களும். பௌர்ணமி அரச விடுமுறை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக் வழக்கம்போல் இராது, அலுவலகங்கள் பூட்டு, இறைச்சிக் கடையும் பூட்டு. ஆனால் வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் வீட்டில் இருப்பார்கள். எனவே வீடு சந்திப்புக்கும் சிரமதானத்துக்கும் பௌர்ணமி வாய்ப்பான நாள், கந்தோர் சம்பந்தப்பட்ட எதற்கும் உதவாத நாள்.

எழுதி முடித்ததும் நெரிசலைப் பாருங்கள். 2027 மே மாதத்தில் பெந்தெகொஸ்தே, வெசாக், வெஸ்லி நாள் மூன்றும் ஏறத்தாழ பத்து நாட்களுக்குள் வருகின்றன. அங்கே புதிதாக எதையும் நுழைக்க வேண்டாம். ஏப்ரல் 11, 18 ஆகிய இரண்டு ஞாயிறும் ஆலயம் பாதி வெறிச்சோடி இருக்கும், யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் மலைநாடும் சனத்தை இழுத்துவிடும். நத்தார் சனிக்கிழமை வருகிறது, மறுநாள் ஞாயிறு. அந்த 26ஆம் திகதிக்கு விசேட சேகரிப்பு எதையும் வைத்துவிடாதீர்கள், உறையில் ஒன்றும் இராது.

4. மழையும் நுளம்பும் தவணையும்

கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடியோடு கொட்டும். வெளியில் செய்யும் வேலைகளை ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதத்தில் செய்தே ஆகவேண்டும் என்றால் காலையில் செய்யுங்கள்.

காலி வீதிப் பக்கச் சபைக் கட்டடத்துக்குள் தண்ணீர் ஏறுவது அபூர்வம். ஆனால் களனி கங்கை பெருகினால் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் இருக்கும் உறுப்பினர் வீட்டில் ஏறும். 2016 மே மாதத்தில் அப்படித்தான் ஏறியது. வெள்ளம் வந்தபிறகு யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்க நேரம் இராது. ஏப்ரல் முடிவதற்குள் தாழ்வான பகுதிகளில் இருக்கும் குடும்பங்களின் பெயரும் இலக்கமும், மண்டபத் திறப்பு யாரிடம் என்ற விபரமும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அவசர அம்புலன்ஸ் 1990 ஆகிய இலக்கங்களும் ஒரு மட்டையில் எழுதி மண்டபச் சுவரில் இருக்க வேண்டும்.

டெங்கு ஜூன், ஜூலையில் ஒருமுறையும் வருட முடிவில் ஒருமுறையும் கூடும். துப்புரவு வேலையை மே மாத ஆரம்பத்திலும் ஒக்டோபரிலும் போடுங்கள். நோய் கூடிய பிறகு செய்யும் சிரமதானம் படத்துக்கு மட்டும்தான் உதவும். ஊரைத் துப்புரவு செய்யப் போகுமுன் ஆலயத்தின் கூரைப் பீலி, பலிபீடத்துப் பூச்சாடிகள், மண்டபத்துக்குப் பின்னால் கிடக்கும் பழைய வாளிகளைப் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து முதலில் எட்டிப் பார்ப்பது அந்தப் பூச்சாடிக்குள்தான்.

பாடசாலைத் தவணைகளும் பரீட்சைகளும் 2020க்குப் பிறகு முன்பின்னாக நகர்ந்துகொண்டே இருந்தன. ஆகவே ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் மூன்றின் திகதிகளையும் பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தலைப் பார்த்தே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு உதவும் பணியைப் பரீட்சைக்கு முந்திய கிழமையில் தொடங்கினால் யாருக்கும் பிரயோசனம் இல்லை.

5. தேவையைக் கேட்டு அறியுங்கள்

சபைக்குள் இருந்து யோசித்தால் எல்லாத் தேவையும் உலருணவுப் பொதியாகத்தான் தெரியும். வெளியே போய்க் கேட்டால் வேறு கதை. மூன்று இடங்களில் கேளுங்கள்: பிரிவுக் கிராம உத்தியோகத்தர், பக்கத்துப் பாடசாலை அதிபர், ஆலயத்திலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள தோட்டக் குடியிருப்பின் (நகரத்துக்குள் நெருக்கமாகச் சிறு வீடுகள் இருக்கும் இடத்தின்) பெண்கள். கடைசியாகச் சொன்ன இடத்துக்கு வாலிபர் ஐக்கியத்தை அனுப்பாமல், வயதான அக்கா ஒருவரோடு போங்கள். வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டே சொல்லுவதைக் கூட்டம் கூட்டிக் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி “உங்களுக்கு என்ன வேண்டும்” அல்ல. அப்படிக் கேட்டால் வாக்குறுதி கொடுத்ததாகிவிடும். “போன மாதம் எதற்காகக் கடன் வாங்கினீர்கள்” என்று கேளுங்கள். கண்ணாடி, பாடசாலைச் சப்பாத்து, மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு, சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசிப்பிக்க யாருக்கோ கொடுத்த காசு என்று வரும். அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிக்கான மேன்முறையீட்டுக்குப் படிவம் நிரப்பத் தெரியாமல் இருப்பவருக்கு இரண்டு கிலோ பருப்பைவிட அரை மணிநேரம் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுப்பது பெரிது.

இன்னொன்று, அந்த இடத்தில் ஏற்கனவே யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். பன்சலையோ (பௌத்த விகாரை), பள்ளிவாசலோ, கோயிலோ, வேறு சபையோ ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தால் அவர்களோடு போய்ச் சேர்வதுதான் மரியாதை.

6. பணத்தைத் தனியே பிரித்து வையுங்கள்

சமூகப்பணிக்கு வரும் பணம் சபையின் பொதுக் கணக்கில் கலந்தால், கூரை ஒழுகும் மாதத்தில் அது கூரைக்குப் போய்விடும். அதில் யாருடைய குற்றமும் இல்லை, பொருளாளருக்கு அவசரம். தனி வங்கிக் கணக்கு முடியாவிட்டால் குறைந்தது கணக்குப் புத்தகத்தில் தனி நிரல் வேண்டும். கையொப்பம் இருவருடையது, அந்த இருவரும் ஒரே வீட்டினராக இருக்கக்கூடாது.

வருமானத்தை எழுதும்போது வந்து சேரக்கூடியதில் முக்கால் பங்கை மட்டும் எழுதுங்கள். அறுவடைப் பண்டிகை ஏலம் பெரிய வரவு. சந்தையில் வாங்கிக்கொண்டு வந்த பூசணிக்காயை மூன்று மடங்கு விலைக்கு நாங்களே திரும்ப வாங்குவோம், அதுவும் சந்தோசமாக. அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று ஏலத்துக்கு முந்திய ஞாயிறே அறிவித்துவிடுங்கள். முன்பே சொன்னால் விலை ஏறும், பின்னால் வரும் கேள்வியும் குறையும்.

வெளிநாட்டு உறவுகளின் உதவியை வருடாந்த அடிப்படைச் செலவுக்கு நம்ப வேண்டாம். கண் கண்ணாடி, சக்கர நாற்காலி போன்ற ஒருமுறைச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவருக்குப் பற்றுச்சீட்டு அந்த வாரமே போக வேண்டும். நோயாளியின் படம் போகக்கூடாது.

வருட நிதியில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் அவசரத்துக்கு வையுங்கள். போதகரும் ஒரு ஸ்டூவர்ட்டும் சேர்ந்து ஒரே நாளில் கொடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு எழுதி, லீடர்ஸ் மீற்றிங்கில் தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்ளுங்கள். மரண வீட்டுக்கு உதவி வேண்டிய இரவில் கூட்டம் கூட்ட முடியாது.

7. மூன்றே மூன்று பணிகளைத் தெரிவு செய்யுங்கள்

ஒன்று வாராந்தம், ஒன்று மாதாந்தம், ஒன்று வருடத்தில் ஒன்றிரண்டு முறை. நூறு, நூற்றைம்பது பேர் வரும் சபைக்கு இது போதும். வாராந்தப் பணி இல்லாத திட்டம் வெறும் நிகழ்ச்சி நிரல். ஒரே முகத்தை ஒவ்வொரு கிழமையும் பார்ப்பதில்தான் நம்பிக்கை வளரும்.

தெரிவு செய்யும்போது 1743இல் ஜோன் வெஸ்லி தம் சங்கங்களுக்கு எழுதிய பொது விதிகளின் வரிசையைப் பின்பற்றலாம். அவற்றில் நன்மை செய்வதற்கு முன்பே தீமை செய்யாதிருப்பது வருகிறது. ஒவ்வொரு பணியையும் “இதனால் யாருக்கு வெட்கமோ கெடுதலோ வரும்” என்று முதலில் கேளுங்கள். வரிசையில் நிறுத்திப் பொதி கொடுத்துப் படம் பிடிக்கும் வழக்கம் அந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

கொழும்புச் சபைகளுக்குப் பொருந்தும் நான்கு பணிகளைக் கீழே செய்முறையோடு தருகிறேன். இவற்றில் இருந்து எடுக்கலாம், நான்கையும் எடுக்க வேண்டாம்.

8. பணிகளின் செய்முறை

தனித்திருக்கும் முதியோர் சந்திப்பு (வாராந்தம்). வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைத் தொடர்மாடிகளில் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்க, தாயோ தகப்பனோ தனியே இருக்கும் வீடுகள் அநேகம். பணத்துக்குக் குறை இராது, பேச ஆள் இராது. இருவர் சேர்ந்து போங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஒவ்வொரு வாரமும் ஒரே நாள், ஒரே நேரம். முதல்நாள் இரவு தொலைபேசியில் சொல்லுங்கள். வாசல் காவலாளியிடம் பெயர் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் மேலே அனுப்பமாட்டார்.

வீட்டுக்குள் போனதும் நேரே ஜெபத்துக்குப் போகாதீர்கள். முதலில் மருந்துப் பெட்டியைப் பாருங்கள். வியாழக்கிழமை போகும்போது செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் மாத்திரை அப்படியே கிடந்தால் அதுதான் அன்றைய செய்தி. அதைக் கொப்பியில் எழுதி, அனுமதியோடு பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் அறிவியுங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம், அவர்கள் களைத்துவிடுவார்கள், ஆனால் போங்கள் என்று சொல்லமாட்டார்கள். காசு, வங்கி அட்டை, காணி உறுதி ஆகியவற்றைக் கையில் வாங்கவே கூடாது, “கொஞ்சம் எடுத்து வை மகள்” என்று கெஞ்சினாலும்.

திருவிருந்து வேண்டுபவர்களின் பட்டியலை மாதம் ஒருமுறை போதகரிடம் கொடுங்கள்.

ஆஸ்பத்திரித் துணை (வாராந்தம் அல்லது மாதாந்தம்). மகரகமை அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கும், பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் வடக்கு, கிழக்கு, மலைநாட்டிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. இரவு பஸ்ஸில் வந்து இறங்கியவருக்கு எந்தக் கவுண்டரில் நிற்பது, துண்டில் என்ன எழுதியிருக்கிறது, அடுத்த கிளினிக் எந்த நாள் என்பதெல்லாம் இருட்டு. சிங்களம் எழுதத் தெரிந்தவர் என்று நிரலில் குறித்து வைத்தீர்களே, அவருக்கான இடம் இது.

முதலில் வைத்தியசாலை நிர்வாகத்திடம் சபைத் தலைப்புக் கடிதத்தில் எழுத்து அனுமதி வாங்குங்கள். அனுமதி வரும்வரை வாட்டுக்குள் கால் வைக்காதீர்கள். கிளினிக் நாட்களில் காலை ஆறரைக்கே அங்கே நிற்க வேண்டும், எட்டு மணிக்குப் போனால் வரிசை முடிந்திருக்கும். கோட்டையிலிருந்து மகரகமைக்கு 138 பஸ் போகும்.

மொழிபெயர்ப்பவர் வைத்தியர் சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். “ஒன்றும் இல்லை அம்மா, கர்த்தர் சுகமாக்குவார்” என்று வைத்தியரின் வார்த்தைக்கு நடுவில் செருகினால் தாய் மருந்தை நிறுத்திவிடக்கூடும். ஜெபம் அவர்கள் கேட்டால், கிளினிக் முடிந்து வெளியே மரத்தடியில். நோயின் பெயரைச் சபை அறிவித்தலில் சொல்லவே கூடாது.

பாடத்துணை வகுப்பு (வாராந்தம்). சனிக்கிழமை காலை நல்லது, ஞாயிறு வைத்தால் ஓய்வுநாள் பாடசாலையோடு மோதும். கணிதம், சிங்களம், ஆங்கிலம் என்ற மூன்றுக்குள் நில்லுங்கள். இருபது பிள்ளைகளுக்கு மேல் முதல் வருடத்தில் சேர்க்க வேண்டாம். சேர்த்த பிள்ளையைத் திருப்பி அனுப்புவது சேர்க்காமல் விடுவதைவிடக் கொடுமை. வகுப்புக்கு முன் ஒரு பணிஸும் தேநீரும் கொடுங்கள், காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைக்குப் பின்னம் ஏறாது.

இரத்ததான முகாம் (வருடத்துக்கு ஒருமுறை). நாரஹேன்பிட்டியில் உள்ள தேசிய இரத்த நிலையத்துக்குக் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன் எழுதுங்கள். எந்த மாதம் கையிருப்பு குறையும் என்று அவர்களிடமே கேட்டுத் திகதி எடுங்கள். வெசாக், பொசன் காலத்தில் நாடெங்கும் முகாம்கள் நடக்கும். சிவப்பணுவை ஐந்தாறு வாரம்தான் வைக்கலாம், குருதிச் சிறுதட்டு ஐந்து நாள்தான். எல்லோரும் ஒரே கிழமையில் கொடுத்தால் பிறகு பஞ்சம். உங்கள் முகாம் அந்தக் கூட்டத்தில் சேராமல் இருப்பதுதான் அதன் பயன்.

கொடுப்பவர் 18க்கும் 60க்கும் இடைப்பட்டவராக, கடைசியாகக் கொடுத்து நான்கு மாதமாவது ஆனவராக இருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் வேண்டும். இதை அறிவித்தலில் முந்திய இரண்டு ஞாயிறும் சொல்லுங்கள். முகாம் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்றால் பலர் வெறும் வயிற்றோடு திருவிருந்து எடுத்துவிட்டு நேரே கட்டிலுக்கு வருவார்கள், மயங்குவதும் அவர்கள்தான். முதலில் சாப்பாட்டு மேசை, பிறகு பதிவு மேசை என்று மண்டபத்தை ஒழுங்கு செய்யுங்கள்.

உலருணவுப் பொதியைப் பற்றியும் சொல்லவேண்டும், எப்படியும் யாராவது கேட்பார்கள். வெள்ளம் போன்ற வேளைக்கு மட்டும் வையுங்கள். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். நீர் வடியாத வீட்டில் அரிசியை வைத்து என்ன செய்வது? முதல் இரண்டு நாளுக்குச் சமைத்த சாப்பாடு, அதுவும் மரக்கறிச் சோறு. முஸ்லிம், இந்து, பௌத்தர் யாரும் தயங்காமல் சாப்பிடலாம்.

9. அனுமதியும் பாதுகாப்பும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், பிறகு அல்லாடுகிறவர்களும் அவர்களே.

சபைக்கு வெளியே செய்யும் எந்த வேலைக்கும் கிராம உத்தியோகத்தருக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஒலிபெருக்கி என்றால் பொலிஸ் அனுமதி. பல மதத்தவர் வாழும் இடத்தில் உதவியோடு கைப்பிரதியோ ஆராதனை அழைப்போ கொடுக்கக்கூடாது. ஆசை காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை எழுந்தால் அந்தத் தெருவில் ஐந்து வருடத்துக்குத் தலை காட்ட முடியாது. அதைவிட முக்கியம், சாப்பாட்டை விலையாக்குவது சுவிசேஷமும் ஆகாது.

பிள்ளைகள் இருக்கும் எந்த இடத்திலும் எப்போதும் இரண்டு பெரியவர்கள், கதவு திறந்தபடி. தனி வாகனத்தில் ஒரு பிள்ளையை ஒரு பெரியவர் ஏற்றிச் செல்லக்கூடாது, போதகராயிருந்தாலும். பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் படம் இல்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். முறைப்பாடு வந்தால் சபைக்குள் பேசித் தீர்க்க முயலாமல் உடனே அறிவியுங்கள். “நம்முடைய ஆள்தானே” என்ற வார்த்தையைக் கேட்ட இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

10. ஆராதனையோடு முடிச்சுப் போடுங்கள்

சமூகப்பணி ஆலயத்துக்குப் பின்னால் நடக்கும் தனி வேலையாகிவிட்டால் இரண்டு வருடத்தில் காய்ந்துவிடும். மாதம் ஒரு ஞாயிறு, மன்றாட்டு வேளையில் அந்த மாதப் பணியைப் பெயர் சொல்லாமல் குறிப்பிட்டு ஜெபிக்கும்படி அன்றைய பிரசங்கியாரிடம் கேளுங்கள். பிரசங்கத் திட்டப்படி வேறு சபையிலிருந்து உள்ளூர்ப் பிரசங்கியார் வருவார். அவருக்கு உங்கள் சபையில் நடப்பது தெரியாது. நான்கு வரிக் குறிப்பை வியாழனுக்கு முன் அனுப்பிவையுங்கள்.

லெந்து காலத்தில் புதுப்பணி தொடங்க வேண்டாம், இருக்கும் பணிக்கு ஆள் சேருங்கள். அந்த நாற்பது நாளில் வந்தவர்களில் சிலர் ஈஸ்டருக்குப் பிறகும் தங்குவார்கள்.

11. பரிசீலனையும் கையளிப்பும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை லீடர்ஸ் மீற்றிங்கில் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று வாசிக்காதீர்கள். யார் வராமல் விட்டார், ஏன் விட்டார், எந்தப் பணிக்கு இரண்டாவது ஆள் இல்லை என்பதைச் சொல்லுங்கள். இரண்டு தடவை தொடர்ந்து ஆள் கிடைக்காத பணியை மூன்றாவது கூட்டத்தில் நிறுத்த முன்மொழியுங்கள். அதைச் செய்யத் துணிகிற செயலாளர் குறைவு. ஆனால் பெயருக்கு இழுபடும் பணி மற்ற இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும். நிறுத்தும்போது பயனாளிகளுக்கு ஒரு மாதம் முன்பே நேரில் போய்ச் சொல்லவேண்டும், அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டுப் போகக்கூடாது.

ஒக்டோபரில் அடுத்தவருக்கான கோவையைத் தொடங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: சீஆர் கொப்பி, ஆட்களின் நிரல், அனுமதிக் கடிதங்களின் பிரதி, வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்திலும் உதவிய உத்தியோகத்தரின் பதவிப் பெயர், மண்டப அலுமாரித் திறப்பு, வட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமை. புதியவரை டிசெம்பரில் ஒருமுறையாவது முதியோர் சந்திப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போய் முகம் காட்டுங்கள்.

வங்கிக் கணக்கில் கையொப்பம் மாற்றுவதை ஜனவரிக்கு விட்டால் உடன்படிக்கை ஞாயிறும் பொங்கலும் தாண்டி இழுபடும், அதுவரை ஒரு சதமும் எடுக்க முடியாது. நவம்பர்க் கூட்டத்திலேயே தீர்மானத்தை நிறைவேற்றி, கையொப்பமிட்ட கூட்ட அறிக்கையின் பிரதியையும் புதியவர்களின் அடையாள அட்டைகளையும் எடுத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே வங்கிக்குப் போங்கள்.